ஒரே பாய்லரில் எந்த எரிபொருளையும் எரிக்கலாமா?

கேள்வி: ஜனவரி 6, காலை 9.40

எங்கள் ஆலைக்கு 10 டிபிஎச் (மணிக்கு 10 டன் நீராவி), 10 பார் அழுத்தம் உள்ள பாய்லர் வாங்கப் போகிறோம். இப்போதைக்கு எரிவாயு. பின்னால் கட்டுப்படியாகாவிட்டால் நிலக்கரியோ உமியோ போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். பாய்லர் என்பது தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கலன்தானே? பர்னரைக் கழற்றிவிட்டுக் கிரேட் (திட எரிபொருள் எரியும் கம்பித்தட்டு) வைத்தால் போதாதா?

பதில்: ஜனவரி 6, மதியம் 1.15

போதாது. இப்படி மாற்றப்பட்ட பாய்லர்களைப் பிறகு சரிசெய்யப் போனதில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

எரிவாயு காற்றோடு கலந்ததும் எரிந்து முடிந்துவிடும். சாம்பல் கிடையாது. ஆகவே அதற்கான ஃபயர் ட்யூப் பாய்லரில் (குழாய்களுக்குள் சூடான வாயு, சுற்றிலும் தண்ணீர்) ஃபர்னஸ் என்ற எரியும் அறை, தண்ணீர் நிற்கும் உருளையான ஷெல்லுக்குள் படுத்திருக்கும் ஒரு நெளிவுக் குழாய், அவ்வளவுதான். நிலக்கரித் துண்டுக்கு அது பற்றாது. முதலில் ஈரம் போக வேண்டும், அப்புறம் ஆவியாகும் பொருட்கள் வெளியேறி எரிய வேண்டும், கடைசியில் மிஞ்சும் கரி நிதானமாக எரிய வேண்டும். அதற்கு இடமும் நேரமும் வேண்டும். எரிந்த பிறகு சாம்பல் விழ வழி வேண்டும். அந்த நெளிவுக் குழாயில் இது எதுவுமே இல்லை.

இன்னொன்று காற்றோட்டம். எரிவாயு பாய்லரில் ஒரே எஃப்.டி. ஃபேன் காற்றை உள்ளே தள்ளும். ஃபர்னஸ் முழுக்க வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில் இருக்கும். திட எரிபொருளுக்குக் கதவு திறக்க வேண்டும், ஊட்டி வழியாக எரிபொருள் போக வேண்டும், சாம்பல் வெளியே வர வேண்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் அந்த வழிகளிலெல்லாம் நெருப்பு வெளியே சீறும். அதனால் ஐ.டி. ஃபேன் வைத்து உள்ளிருந்து இழுத்து, ஃபர்னஸைச் சற்றே குறை அழுத்தத்தில் வைத்திருப்பார்கள்.

எதிர்த்திசையில் போவது சுலபம். நிலக்கரிக்காகக் கட்டிய பெரிய ஃபர்னஸில் எரிவாயு பர்னரைப் பொருத்தலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 6, இரவு 10.05

கேட்டவருக்கு என் பதில் கேள்விகள். அந்த 10 டிபிஎச் எங்கிருந்து வந்தது? சராசரியா, உச்சமா? நீராவி எங்கே போகிறது: நேரடியாக வெப்பப்படுத்தவா, டர்பைனுக்கா? கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்) எவ்வளவு திரும்பி வருகிறது? இவை தெரியாமல் பாய்லர் வகை பற்றிப் பேச முடியாது.

நான் பார்த்தவரை எரிபொருள் நெருப்புப் பக்கத்தைத் தீர்மானிக்கிறது, நீராவித் தேவை தண்ணீர்ப் பக்கத்தைத் தீர்மானிக்கிறது. வாங்குகிறவர்கள் டிபிஎச் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் விற்பவரிடமே விட்டுவிடுகிறார்கள்.

ஜனவரி 7, காலை 7.30

"ஃபயர் ட்யூப் விலை குறைவு என்றால் பெரிய ஆலைகள் ஏன் வாட்டர் ட்யூப் வாங்குகின்றன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எளிய கணக்கு ஒன்று. உருளையின் சுவர்த் தடிமன், அழுத்தத்தையும் விட்டத்தையும் பெருக்கி, உலோகம் தாங்கும் தகைவின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 2,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷெல், 10 பார், தகைவு 120 மெகாபாஸ்கல் என்று வைத்தால் சுமார் 10 மில்லிமீட்டர். அதே ஷெல்லில் 60 பார் என்றால் 62 மில்லிமீட்டர். அதே 60 பாருக்கு 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள ட்யூப்புக்கு? வெறும் 1.3 மில்லிமீட்டர். வெல்டிங்குக்கும் அரிமானத்துக்கும் விடும் கூடுதல் இதில் சேரவில்லை, ஆனாலும் நிலைமை புரியும். அழுத்தத்தைச் சிறிய விட்டத்துக்குள் அடைத்துவிட்டால் பெரிய பாய்லர் கட்டலாம். குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு: அதுதான் வாட்டர் ட்யூப்.

ஷெல்லின் இரு முனைகளிலும் குழாய்களைத் தாங்கி நிற்கும் தட்டையான ட்யூப் பிளேட் இன்னும் மோசம். தட்டை வடிவம் அழுத்தத்தை விரும்பாது. ஸ்டே கம்பிகள் கொடுத்துக் கட்டிப்போட வேண்டும். போதாததற்கு, சூடான வாயு முதலில் மோதும் இடமும் அதுவே. நடைமுறையில் ஃபயர் ட்யூப் 25, 30 டிபிஎச்சுக்கும் 20, 30 பாருக்கும் மேல் போவது அபூர்வம்.

ஜனவரி 7, மாலை 6.50

காலையில் எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் தடிமன் மட்டும் மாறுவதில்லை. வெப்பம் எந்தப் பகுதியில் எவ்வளவு போக வேண்டும் என்ற பங்கீடே மாறிவிடுகிறது. பாய்லர் வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

105 டிகிரியில் ஃபீட் வாட்டர் (பாய்லருக்குள் செலுத்தும் தண்ணீர்) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பாரில் பூரித நீராவி (கொதிநிலைக்கு மேல் சூடாக்காத நீராவி) மட்டும் போதும் என்றால், கொடுக்க வேண்டிய வெப்பத்தில் சுமார் 86 சதவீதம் ஆவியாக்கத்துக்கே போகும். மீதி 14 சதவீதம்தான் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர. எனவே ஆவியாக்கும் பரப்பு நிறைய வேண்டும்: ஃபர்னஸ் சுவர் போதாமல் பின்னால் கன்வெக்‌ஷன் பேங்க் (சூடான வாயு உரசிப்போகும் குழாய்க்கற்றை), இரண்டு ட்ரம் (குழாய்கள் வந்து சேரும் உருளைக் கலன்).

100 பார், 540 டிகிரி என்று கேட்டால்? எகனாமைசர் (தண்ணீரைக் கொதிநிலை நோக்கிச் சூடாக்கும் பகுதி) பங்கு 32 சதவீதம், ஆவியாக்கம் 43, சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் பகுதி) 25. ஆவியாக்கம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஃபர்னஸைச் சுற்றிய தண்ணீர்ச் சுவரே அதைப் பெரும்பாலும் முடித்துவிடும். பேங்க் தேவையில்லை, ஒற்றை ட்ரம் போதும். அதற்குப் பதில் சூப்பர்ஹீட்டரும் எகனாமைசரும் பெருத்துவிடும். அழுத்தம் ஏற ஏற இந்த ஆவியாக்கப் பங்கு சுருங்கி, 221 பாரில் இல்லாமலே போகிறது. அங்கே ட்ரம்முக்கும் வேலையில்லை.

ஆக, ஒரே எரிபொருள், ஒரே டிபிஎச். ஆனால் 10 பார் பாய்லரும் 100 பார் பாய்லரும் உருவத்திலேயே வேறு வேறு.

ஜனவரி 8, காலை 11.20

கேட்டவர் தகவல் அனுப்பியிருக்கிறார். சராசரி 6 டிபிஎச், சில நிமிடங்களுக்கு 11 வரை போகும் உச்சம், வெப்பப்படுத்த மட்டுமே. கண்டன்சேட் எதுவும் திரும்பவில்லை. ஃபீட் டேங்க் 30 டிகிரி. விலைப்புள்ளியில் "10 டிபிஎச், 100 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்கு" என்று இருக்கிறதாம்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி நீராவியாக்க கிலோவுக்கு 2,257 கிலோஜூல். உங்களுக்குத் தேவையோ 30 டிகிரித் தண்ணீரிலிருந்து 10 பார் நீராவி. அதற்குச் சுமார் 2,655 கிலோஜூல். பெயர்ப்பலகையில் 10 என்று இருக்கும் பாய்லர் உங்கள் ஆலையில் தருவது மணிக்கு 8.5 டன்தான். யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல் அப்படி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 8, இரவு 9.30

அந்த 11 டன் உச்சம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் ட்ரிப் ஆகும் (பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்) பாய்லர்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

ஒரு சாயச்சாலையில் இதே கதை. பெரிய வால்வுகள் ஒன்றாகத் திறக்கும், அழுத்தம் சரியும், அழுத்தம் சரிந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழிகள் பெருத்து நீர்மட்டத்தைத் தூக்கும். மட்டம் ஏறிவிட்டது என்று நினைத்து ஃபீட் கண்ட்ரோல் தண்ணீரைக் குறைக்கும். தூக்கிய தண்ணீரில் ஒரு பங்கு நீராவியோடு லைனுக்குள் போய்விடும். வால்வு மூடி அழுத்தம் மீண்டதும் குமிழிகள் சுருங்கும், மட்டம் கீழே விழும், லோ லெவல் ட்ரிப். ஆபரேட்டர்மேல் பழி. அங்கே ஆபரேட்டர் செய்தது அத்தனையும் சரி. பாய்லர் சராசரிக்கு வாங்கப்பட்டிருந்தது, உச்சத்தை யாரும் வரைந்து பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஃபயர் ட்யூப்புக்கு ஒரு பலம் உண்டு. அதில் நிறையத் தண்ணீர் நிற்கிறது. 10 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கினால் அந்தத் தண்ணீரில் 5.3 சதவீதம் தானாகவே ஆவியாகும். 20 டன் தண்ணீர் இருந்தால் நெருப்பைக் கூட்டாமலே ஒரு டன் நீராவி. ஆனால் பாய்லரையே அப்படி இறங்கவிடக் கூடாது. 10 பாரில் ஒரு கிலோ நீராவி 0.177 கன மீட்டர், 5 பாரில் 0.315. அதே நீர்ப்பரப்பிலிருந்து கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் நீராவி கிளம்பும், துளிகளையும் இழுத்துக்கொண்டு. பாய்லரை அதன் வடிவமைப்பு அழுத்தத்திலேயே ஓட்டி, வெளியே தனியாக ஒரு அக்யுமுலேட்டர் (சூடான தண்ணீரில் வெப்பத்தைத் தேக்கும்) கலன் வைத்து, அதை 10-க்கும் 5-க்கும் இடையில் ஆடவிடுவதுதான் முறை. பயன்பாட்டு இடத்தில் 5 பார் போதும் என்றால் இவருக்கு அது பொருந்தும்.

தேக்கி வைத்த அந்த வெப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1905-இல் அமெரிக்காவின் ப்ராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். ஷெல் கிழிந்தால் உள்ளே இருக்கும் அத்தனை தண்ணீருக்கும் ஒரே நொடியில் அழுத்தம் போய்விடும். ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 1,600 மடங்கு பெருக்கும். அந்த விபத்துக்குப் பின் வந்த விதிகள்தான் இன்றைய பாய்லர் விதித்தொகுப்புகளுக்கு முன்னோடி. ஷெல்லில் அனுமதியில்லாமல் ஒரு வெல்டிங் வைப்பதற்கே நான் ஏன் கத்துகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஜனவரி 9, மதியம் 2.10

உமி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "உமியும் நிலக்கரியும் கலோரியில் பக்கத்தில் பக்கத்தில்தானே?"

கலோரியை வைத்து எரிபொருளை எடைபோட வேண்டாம். நெல் உமி கிலோவுக்குச் சுமார் 3,000 முதல் 3,300 கிலோகலோரி. தரம் குறைந்த நிலக்கரிக்குப் பக்கத்தில் வரும், சரி. ஆனால் அதில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. கூர்மையான துகள். ட்யூப்பின்மேல் மணலை வீசி அடிப்பதுபோல வேலை செய்யும். தேய்மானம் வாயுவின் வேகத்தோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் தேய்மானம் எட்டு மடங்கு.

நான் போன ஓர் ஆலையில் நிலக்கரி பாய்லருக்கு உமி போட்டார்கள். எரிந்தது, நீராவி வந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு பருவம் முடிந்து திறந்து பார்த்தால் எகனாமைசர் வளைவுகள் ஒரு பக்கமாகச் சீவியதுபோல் மெலிந்திருந்தன. கூடவே உமி லேசானது. எரியாத துகள் வாயுவோடு பறந்துபோய்ப் பின்பக்க ஹாப்பரில் (சாம்பல் சேரும் தொட்டியில்) கனன்றுகொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க ட்யூப் இடைவெளியை அகலப்படுத்த வேண்டும். இடைவெளி அகன்றால் அதே வெப்பத்தை எடுக்கப் பரப்பு கூட வேண்டும். பரப்பு கூடினால் பாய்லர் பெரிதாகும். ஒரே டிபிஎச்சுக்கு உமி பாய்லர் பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். விற்பவர் இரும்பை வீணாக்கவில்லை.

கரும்புச் சக்கை முற்றிலும் வேறு ஆள். சாம்பல் ஓரிரு சதவீதம்தான். ஆனால் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கியே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும், நெருப்பின் வெப்பநிலை இறங்கும், வாயுவின் கொள்ளளவு கூடும். அதற்கு உயரமான ஃபர்னஸ், ஏர் ப்ரீஹீட்டரிலிருந்து சூடான காற்று, பெரிய ஐ.டி. ஃபேன். உமிக்குத் தேய்மானம் பகை, சக்கைக்கு ஈரம் பகை. இரண்டையும் "பயோமாஸ்" என்று ஒரே பெட்டியில் போடும் விலைப்புள்ளியை நான் நம்புவதில்லை.

ஜனவரி 9, மதியம் 2.40

வைக்கோல் கேட்டவருக்கு: அது மூன்றாவது வகை. பொட்டாசியமும் குளோரினும் அதிகம். நிலக்கரிச் சாம்பல் பொதுவாக 1,100 டிகிரிக்கு மேல்தான் இளகும். வைக்கோல் சாம்பல் 700, 800-லேயே ஒட்ட ஆரம்பிக்கும். சூப்பர்ஹீட்டரில் படிந்து இறுகினால் சூட் ப்ளோயரால் (படிவை ஊதி நீக்கும் கருவியால்) எடுக்க முடியாது.

ஜனவரி 10, காலை 8.00

எரிபொருள் நெருப்புப் பக்கம், நீராவி தண்ணீர்ப் பக்கம் என்று 6-ஆம் தேதி எழுதியிருந்தேன். யோசித்தால், அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. இரண்டும் சந்திக்கும் இடம் சூப்பர்ஹீட்டர். அங்கே எரிபொருள் நீராவியின் வெப்பநிலைக்கே வரம்பு போட்டுவிடுகிறது.

நகரக் குப்பையை எரிக்கும் பாய்லர்கள் வழக்கமாக 40 பார், 400 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. டர்பைனுக்கு இன்னும் சூடான நீராவி கிடைத்தால் மின்சாரம் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் குப்பையில் இருக்கும் குளோரின், உலோகம் சூடாகச் சூடாக ட்யூப்பை வேகமாக அரிக்கும். கனரக எண்ணெயில் அதே வேலையை வனேடியம் செய்கிறது: வனேடியம் பென்டாக்சைடு 690 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், சோடியம் சேர்ந்தால் இன்னும் கீழே. தண்ணீரோ நீராவியோ குளிர்விக்காத தாங்கிகள்தான் முதலில் போகும்.

முதல் குறிப்பில் பிறகு சொல்கிறேன் என்ற சிக்கலும் இங்கேதான். சூப்பர்ஹீட்டர் உள்ள பாய்லரை எண்ணெயிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ எரிவாயுவுக்கு மாற்றினால் என்ன ஆகும்? எரிவாயுச் சுடரில் ஒளிரும் கரித்துகள் குறைவு. கதிர்வீச்சாக ஃபர்னஸ் சுவருக்குப் போகும் வெப்பமும் குறைவு. கொடுக்காத வெப்பம் வாயுவோடு பின்னால் போகிறது. ஃபர்னஸை விட்டு வெளியேறும் வாயு முன்பைவிடச் சூடு, சூப்பர்ஹீட்டரில் நீராவி வெப்பநிலை ஏறுகிறது. நீராவியைக் குளிர்விக்கும் டீசூப்பர்ஹீட்டர் தண்ணீரை முழுக்கத் திறந்தும் பிடிக்க முடியாமல், சூப்பர்ஹீட்டர் பரப்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த ஆலையில் நான் இருந்திருக்கிறேன். சூப்பர்ஹீட்டரே இல்லாத 10 பார் பாய்லருக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்டவர் கவலைப்பட வேண்டாம்.

ஜனவரி 10, மாலை 5.25

"எரிவாயு பாய்லர் 94 சதவீதம் என்கிறார்கள், நிலக்கரி 82 என்கிறார்கள்" என்ற ஒப்பீட்டுக்கு: எந்தக் கலோரி அடிப்படையில் என்று கேளுங்கள். எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம், எரிந்தால் நீராவி அதிகம். மொத்தக் கலோரிக்கும் (அந்த நீராவியிலுள்ள வெப்பத்தையும் சேர்த்தது) நிகரக் கலோரிக்கும் (அதைச் சேர்க்காதது) சுமார் 10 சதவீத வித்தியாசம். நிகரத்தில் 94 என்றால் மொத்தத்தில் 85 மாதிரி.

அந்தப் பத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடிக்கலாம். எரிவாயுவில் கந்தகம் இல்லாத அளவுக்குக் குறைவு, ஆகவே புகைவாயுவை 55 டிகிரிக்கும் கீழே குளிர்வித்து அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கலாம் (கண்டன்சிங் எகனாமைசர்). கந்தகமுள்ள எண்ணெயில் இப்படிச் செய்தால் 120, 150 டிகிரியிலேயே கந்தக அமிலம் படிந்து எகனாமைசர் ஓட்டையாகும். அதனால்தான் எண்ணெய் பாய்லரின் புகைபோக்கி சூடாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் குளிர்விக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமே. கண்டன்சேட் முழுக்கத் திரும்பி 90 டிகிரியில் ஃபீட் டேங்க் நிற்கும் ஆலையில் கண்டன்சிங் எகனாமைசர் வெறும் அலங்காரம். கேட்டவர் ஆலையில் கண்டன்சேட் இல்லை, 30 டிகிரித் தண்ணீர். எரிவாயுவோடு நின்றால் அவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அதற்கு முன் கண்டன்சேட்டைத் திருப்ப வழி இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

ஜனவரி 12, காலை 10.45

இரண்டு நாள் கழித்து வந்தால் "ஃப்ளூயிடைஸ்டு பெட் போட்டால் எதையும் எரிக்கலாம்" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்.

பாதி உண்மை. காற்றில் மிதக்கவிட்ட மணல் படுகையை 800 முதல் 900 டிகிரிக்குள் வைத்திருப்பதால் பெரும்பாலான சாம்பல் உருகாது, நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். சுண்ணாம்புக்கல் போட்டால் கந்தகத்தையும் அங்கேயே பிடிக்கலாம், அதற்கு 850 டிகிரி மிகப் பொருத்தமான இடம். தரம் குறைந்த நிலக்கரிக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் 2.40 மணிக் குறிப்பில் சொன்ன வைக்கோல் பொட்டாசியம் மணலின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிபோல் இளகும். படுகை கட்டிதட்டி நின்றுவிடும். படுகைக்குள் மூழ்கிய ட்யூப்கள் தேயும். காற்றின் வேகத்தைக் குறைத்தால் மணல் மிதக்காது, ஆகவே சுமையை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. படுகையை அறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். 6-க்கும் 11-க்கும் நடுவில் சில நிமிடங்களில் தாவும் இவரது தேவைக்கு எரிவாயு பர்னர் அளவுக்கு அது ஈடுகொடுக்காது.

ஜனவரி 12, இரவு 8.15

கேட்டவருக்கு, இதுவரை வந்த தகவலை வைத்து என் தீர்ப்பு.

நிலக்கரியும் உமியும் உண்மையிலேயே திட்டத்தில் இருந்தால், எரிவாயு பேக்கேஜ் பாய்லர் (முழுதாகக் கட்டியே வந்து இறங்குவது) வாங்காதீர்கள். வெளியே மெம்பிரேன் சுவர் (தண்ணீர்க் குழாய்களைத் தகடால் இணைத்த சுவர்) ஃபர்னஸும் பின்னால் ஃபயர் ட்யூப் ஷெல்லும் சேர்ந்த கலப்பு வகையைக் கேளுங்கள். 10 பாருக்கு அது போதும், ஷெல்லில் தண்ணீர் இருப்பும் கிடைக்கும். வாயுவின் வேகத்தை உமிக்கு நிர்ணயிக்கச் சொல்லுங்கள். ஐ.டி. ஃபேனை உமிக்கும் நிலக்கரிக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரியதை எடுக்கச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை இரண்டு எரிபொருளுக்கும் தனித்தனி எண்ணாக, ஈரமும் சாம்பலும் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். எரிவாயுவில் ஓட்டும்போது இது பேக்கேஜ் பாய்லரைவிடச் சில சதவீதம் பின்தங்கும். மூன்றையும் எரிக்கும் வசதிக்கு அது கொடுக்க வேண்டிய விலை.

திட எரிபொருள் வெறும் "பின்னால் பார்க்கலாம்" என்றால், எரிவாயு ஃபயர் ட்யூப், கண்டன்சிங் எகனாமைசர், 5 பார் அக்யுமுலேட்டர். பாய்லர் அளவை 30 டிகிரி ஃபீட் வாட்டருக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். அருகில் இன்னொரு பாய்லருக்கு அஸ்திவாரமும் எரிபொருள் கிடங்குக்கு இடமும் விட்டுவையுங்கள்.

ஜனவரி 13, காலை 7.05

தண்ணீர்ச் சுத்திகரிப்பு பற்றி வந்த கேள்விக்கு: 10 பார் ஃபயர் ட்யூப்புக்கு நல்ல சாஃப்ட்னரும் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குவது) ஒழுங்கான ப்ளோ டவுனும் (உப்பு சேர்ந்த தண்ணீரை வெளியேற்றுவது) போதும். டர்பைனுக்கு உயர் அழுத்த நீராவி என்றால் டிஎம் (கனிமங்கள் நீக்கிய) தண்ணீர் கட்டாயம். அந்த அழுத்தத்தில் சிலிக்கா நீராவியிலேயே கரைந்து போய் டர்பைன் பிளேடில் படியும். கேட்டவர் முதலில் ஒரு வாரத்து நீராவி ஓட்டத்தை நிமிட வாரியாக அனுப்பட்டும். அக்யுமுலேட்டர் அளவை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.